'ஓகே' சொல்வதற்கு முன்...



காலை ஆறு மணி. உணவுக்கடையில் ஒருவர், "அண்ணே, தே தாரிக் ஒன்னு, சீனி குறைச்சுப் போடுங்க" என்கிறார். தே கலக்குபவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஓகே" என்கிறார். வீட்டில் அம்மா, "சாயங்காலம் நேரத்தோட வந்துடு" என்கிறார். வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருக்கும் மகன், "ஓகே மா" என்கிறான். அலுவலகத்தில் மேலாளர் ஒரு வேலையை விளக்கிவிட்டு, "ஓகே?" என்று கேட்கிறார். ஊழியர், "ஓகே சார்" என்கிறார். மதியம் தோழி கேட்கிறாள்: "புதுசா திறந்த கடையில சாப்பாடு எப்படி?" பதில்: "ம்... ஓகே."

இந்த ஐந்து 'ஓகே'யும் ஒன்றுதானா? நிச்சயமாக இல்லை. கடைக்காரர் சொன்னது 'காதில் விழுந்தது'. மகன் சொன்னது 'பேச்சை முடிப்போம்'. மேலாளர் கேட்டது 'புரிந்ததா?' ஊழியர் சொன்னது 'செய்துவிடுகிறேன்'. தோழிக்குக் கிடைத்த பதிலோ 'பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை'. ஒரே சொல்; ஐந்து பொருள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யாரிடம் பேசினாலும் அகராதி தேவைப்படாத சொல் இது.

அதனால்தானோ என்னவோ, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. இந்தச் சின்னஞ்சிறு சொல் ஒரு முறை தவறான நேரத்தில் காதில் விழுந்தது. அன்று பல நூறு உயிர்கள் போயின. அந்தக் கதைக்குப் போவதற்கு முன், இந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம்.

பிழையில் பிறந்த பிள்ளை

'ஓகே' பிறந்த ஊர் அமெரிக்காவின் போஸ்டன். பிறந்த தேதியும் தெரியும்: 23 மார்ச் 1839. அன்றுதான் 'போஸ்டன் மார்னிங் போஸ்ட்' என்ற நாளிதழில் 'ஓ', 'கே' என்ற இரண்டு எழுத்துகளும் இன்றைய பொருளில் அச்சேறின. அதற்கு முந்திய உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை.

அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சார்ல்ஸ் கோர்டன் கிரீன். பக்கத்து ஊரான பிராவிடன்சில் வெளிவந்த இன்னொரு பத்திரிகையைக் கிண்டலடித்து எழுதிய ஒரு குறிப்பில்தான் இந்தச் சொல் வருகிறது. வாசகர்களுக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று, பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்', அதாவது 'எல்லாம் சரி' என்று விளக்கமும் போட்டிருந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். 'ஆல்' என்ற ஆங்கிலச் சொல் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்குகிறது. 'கரெக்ட்' என்பது 'சி'யில் தொடங்குகிறது. சுருக்கினால் 'ஏ.சி.' என்றல்லவா வர வேண்டும்? 'ஓ.கே.' எப்படி வந்தது?

அதுதான் வேடிக்கை. 1838, 1839ஆம் ஆண்டுகளில் போஸ்டன் பத்திரிகையாளர்களிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. எதையும் சுருக்கி எழுதுவது. அதுவும் எழுத்தறியாதவர் எழுதியதைப் போல வேண்டுமென்றே பிழையாக்கிச் சுருக்குவது. 'ஆல்' என்பதைக் காதில் கேட்டபடி 'ஓ'வில் தொடங்கினார்கள். 'கரெக்ட்' என்பதைக் 'கே'யில் தொடங்கினார்கள். 'எல்லாம் சரி' என்று சொல்ல வந்த இரண்டு எழுத்துகளில் இரண்டுமே தவறு! நகைச்சுவையே அதில்தான் இருந்தது.

இன்று கைத்தொலைபேசியில் இளையர்கள் சொற்களைச் சுருக்கி அனுப்புவதைப் பார்த்துப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். மொழி கெட்டுவிட்டது என்று வருந்துகிறார்கள். ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்பே போஸ்டனில் படித்தவர்கள் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். 'ஆல் ரைட்' என்பதைக்கூடப் பிழையாக்கி 'ஓ.டபிள்யூ.' என்று எழுதினார்கள். 'நோ கோ', அதாவது 'நடக்காது' என்பதைக் 'கே.ஜி.' ஆக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாச் சுருக்கங்களும் சில ஆண்டுகளில் மறைந்துபோயின. 'ஓ.கே.' மட்டும் பிழைத்துக்கொண்டது. எப்படி?

கை கொடுத்த தேர்தல்

'ஓகே'யைக் காப்பாற்றியது ஓர் அரசியல்வாதியின் ஊர்ப்பெயர்.

1840ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். மறுபடியும் போட்டியிட்டவர் எட்டாவது அதிபர் மார்ட்டின் வான் பியூரன். நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிண்டர்ஹூக் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆதரவாளர்கள் அவரைச் செல்லமாக 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அழைத்தார்கள். 'கிண்டர்ஹூக் பெரியவர்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரின் முதல் எழுத்துகள் 'ஓ'வும் 'கே'யும். 'எல்லாம் சரி' என்ற வேடிக்கைச் சுருக்கமும் அதேதான். விடுவார்களா? நியூயார்க்கில் 'ஓ.கே. கிளப்' என்ற பெயரிலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். 'கிண்டர்ஹூக் பெரியவர் வந்தால் எல்லாம் சரியாகும்' என்பது சொல்லாமல் சொன்ன செய்தி.

எதிரணியினர் சும்மா இருக்கவில்லை. அந்த எழுத்துகளுக்கே வேறு விளக்கம் கொடுத்தார்கள். 1837இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் நாடு தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. 'காசு தீர்ந்தவர்' என்ற பொருள் வரும்படி 'ஓ.கே.'வை விரித்தார்கள். வான் பியூரனுக்கு முன் அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனையும் வம்புக்கு இழுத்தார்கள். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அதனால்தான் கோப்புகளில் 'எல்லாம் சரி' என்பதை 'ஓ.கே.' என்று பிழையாக எழுதிக் கையொப்பமிட்டார் என்று கதை கட்டினார்கள். அது கட்டுக்கதை, ஆனால் ஊர் ஊராகப் பரவியது.

தேர்தலில் வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். ஆனால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களுமாகச் சேர்ந்து 'ஓகே'யை நாடு முழுவதும் கொண்டு சேர்த்துவிட்டார்கள். தலைவர் தோற்றார், சொல் வென்றது.

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. வான் பியூரனின் தாய்மொழி ஆங்கிலம் அன்று. அவர் வீட்டில் பேசி வளர்ந்தது டச்சு மொழி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான். உலகெங்கும் பேசப்படும் ஆங்கிலச் சொல்லுக்கு வாழ்வு கொடுத்தது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரின் ஊர்!

எங்கள் வீட்டுப் பிள்ளை என்றவர்கள்

பேர் பெற்ற பிள்ளைக்கு உறவு கொண்டாட ஊரே வரும். 'ஓகே' புகழ்பெற்ற பிறகு, அது தங்கள் மொழியில் பிறந்தது என்று பலரும் சொந்தம் கொண்டாடினார்கள்.

கிரேக்க மொழியில் 'ஓலா கலா' என்றால் 'எல்லாம் நலம்'. அதுதான் மூலம் என்றார்கள் சிலர். ஸ்காட்லாந்துக்காரர்கள் 'ஓக் ஐ' என்று சொல்வதிலிருந்து வந்தது என்றார்கள் வேறு சிலர். மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் ஆமாம் என்று அழுத்திச் சொல்லும் தொடர் ஒன்று இதைப் போலவே ஒலிக்கிறது என்பது இன்னொரு வாதம். அமெரிக்கப் பழங்குடியினரான சோக்டாவ் மக்களின் மொழியில் 'அப்படியே' என்ற பொருளில் 'ஓக்கே' போன்ற ஒரு சொல் உண்டு. அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சன் இந்தச் சோக்டாவ் கதையை நம்பினார். கோப்புகளில் அந்த மொழியின் எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்களுக்குக் கொடுத்த ரொட்டிப் பெட்டிகளில் ஓரின் கெண்டால் என்ற பெயரின் முதல் எழுத்துகள் இருந்தன, அதிலிருந்து வந்தது என்ற கதையும் உண்டு.

இத்தனை கதைகளுக்கும் நடுவே உண்மையைத் தேடி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். 1963, 1964ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்ற ஆய்விதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். போஸ்டன் பத்திரிகையின் 1839ஆம் ஆண்டுக் குறிப்பு அப்போதுதான் உலகுக்குத் தெரிய வந்தது.

அவர் கையில் இருந்த அளவுகோல் எளிமையானது: தேதி. உள்நாட்டுப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. 'ஓகே' அச்சேறியதோ 1839இல். அப்படியானால் ரொட்டிக் கதை நிற்குமா? நிற்காது. மற்றக் கதைகளுக்கு ஒலி ஒற்றுமை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லே 'ஓகே'யாக மாறியது என்று காட்டும் எழுத்துச் சான்று இல்லை.

தமிழர்களும் இதில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சொற்கள் போயிருக்கின்றன. 'கட்டுமரம்' அங்கே 'கட்டமரான்' ஆனது. 'மிளகுத் தண்ணீர்' அங்கே 'முல்லிகட்டானி' என்ற சூப் ஆனது. 'சுருட்டு' அங்கே 'செரூட்' ஆனது. இவற்றுக்குச் சான்று உண்டு. ஆங்கில அகராதிகளே தமிழைக் குறிப்பிடுகின்றன. ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் என்று மேடையில் முழங்கினால், சான்றுள்ள சொற்களின் மதிப்பும் சேர்ந்தல்லவா குறையும்?

தந்தி தந்த வாழ்வு

தேர்தல் முடிந்தது, கேலியும் ஓய்ந்தது. அதன் பிறகும் 'ஓகே' நிலைத்ததற்கு இன்னொரு காரணம் தந்தி. 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்சின் தந்தித் தடம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ரயில் பாதை நெடுகத் தந்திக் கம்பிகள் நீண்டன. இந்த முனையில் இருப்பவர் செய்தியைத் தட்டுகிறார். அந்த முனையில் இருப்பவருக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? 'வந்தது, சரியாக வந்தது' என்று சொல்ல இரண்டே எழுத்து போதும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? தந்திக்காரர்கள் 'ஓகே'யைப் பிடித்துக்கொண்டார்கள்.

கவனியுங்கள். இங்கேதான் சொல்லின் பொருள் கொஞ்சம் நகர்கிறது. தந்திக்காரர் 'ஓகே' என்றால், செய்தியில் இருக்கும் விஷயத்தை அவர் ஒப்புக்கொண்டார் என்று பொருளில்லை. வந்து சேர்ந்தது என்பது மட்டுமே பொருள். 'எல்லாம் சரி' என்று தொடங்கிய சொல், 'கிடைத்தது' என்றும் பொருள்படத் தொடங்கியது. நாளடைவில் 'புரிந்தது', 'சம்மதம்', 'அனுமதி', 'பரவாயில்லை', 'போதும்' என்று கிளைகள் விரிந்தன.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்த கதையும் வேடிக்கையானது. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லீசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. திரையில் அழுத்தும் பொத்தானில் 'டூ இட்', அதாவது 'செய்' என்று போட்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் அதை அழுத்தத் தயங்கினார். காரணம், இரண்டு சொற்களையும் சேர்த்து 'டோல்ட்' என்று படித்துவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு 'மடையன்' என்று பொருள். கணினி தன்னைத் திட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்! அதன் பிறகு அந்தப் பொத்தானில் 'ஓகே' வந்து உட்கார்ந்தது.

நம்மிடம் இருக்கும் 'சரி'

'எல்லாம் சரி' என்பதுதான் 'ஓகே'யின் முதல் பொருள் என்றால், தமிழில் அதற்கு ஈடான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் 'சரி'.

'கணக்கு சரி' என்றால் பிழையில்லை. 'சரிபாதி' என்றால் சமம். 'சரி, வருகிறேன்' என்றால் சம்மதம். 'சரி, விடு' என்றால் முடித்துக்கொள்வோம். 'சரியா?' என்றால் புரிந்ததா. 'சரிதான் போ' என்றால் சலிப்பு. 'ஓகே' செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை 'சரி' செய்துவிடுகிறது.

'சரி'யிடம் இன்னொரு நயமும் இருக்கிறது. 'சரிங்க' என்றால் பெரியவரிடம் பேசுகிறார். 'சரிம்மா' என்றால் அம்மாவிடமோ மகளிடமோ. 'சரிடா' என்றால் நண்பனிடம். யார் யாரிடம் பேசுகிறார் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். 'ஓகே' இங்கே வந்ததும் தமிழர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. 'ஓகேங்க', 'ஓகேம்மா', 'ஓகேடா' என்று தமிழ் வால் ஒட்டிவிட்டார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது 'ஓகே லா' ஆனது. சபா மாநிலத்திற்குப் போனால் 'ஓகே பா' என்பார்கள். தமிழர் காதுக்கு அது உரிமையோடு 'பா' போட்டுப் பேசுவது போலக் கேட்கும். ஆனால் அது சபா மக்களின் சொந்த அசை. நம் 'அப்பா'வுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தமிழ்த் திரையுலகமும் இதில் விளையாடியது. 2012இல் வெளிவந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' என்ற படத்தின் பெயரைச் சுருக்கி ரசிகர்கள் 'ஓகே ஓகே' என்றார்கள். கிண்டர்ஹூக்கின் பெயரைச் சுருக்கிய நியூயார்க்காரர்கள் செய்த அதே வேலை. இடையில் 172 ஆண்டுகள்!

கையும் பேசும், கவனம்

சொல் மட்டுமன்று, சைகையும் அப்படித்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினால் பல ஊர்களில் 'ஓகே'. ஜப்பானில் அது பணத்தைக் குறிக்கும். பிரேசிலில் அதே சைகை கெட்ட வசவு. 'எல்லாருக்கும் தெரிந்த சைகை' என்று நினைத்துக் காட்டினால் வம்பில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

பெர்ஹெந்தியான், சிப்பாடான் போன்ற தீவுகளுக்கு முக்குளிக்கப் போகிறவர்களுக்கு முதல் பாடமே இதுதான். தரையில் நாம் கட்டைவிரலை உயர்த்தினால் 'எல்லாம் நலம்'. கடலுக்கடியில் அதற்குப் பொருள் 'மேலே போகலாம்'. நலம் என்று சொல்ல விரும்புகிறவர் விரல் வளையத்தைத்தான் காட்ட வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் 'ஓகே?' என்று சைகையில் கேட்டால், மற்றவரும் சைகையில் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் ஏதோ சரியில்லை என்று பொருள். வாய் பேச முடியாத இடத்தில் ஓர் 'ஓகே' என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

வானொலியில் வந்த ஓர் 'ஓகே'

முதலில் சொன்ன அந்தத் துயரக் கதைக்கு இப்போது வருவோம்.

27 மார்ச் 1977. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கனேரித் தீவுகள். கிரான் கனேரியா தீவின் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்தது. அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான தெனரீஃபில் உள்ள சிறிய நிலையத்திற்குத் திருப்பி விடப்பட்டன. அவற்றில் இரண்டு, ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747 ரகம். ஒன்று டச்சு நிறுவனமான கே.எல்.எம்., இன்னொன்று அமெரிக்காவின் பான் ஆம்.

பல மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு புறப்பட அழைப்பு வந்தது. அதற்குள் பனிமூட்டம் கவிந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓடுபாதை தெரியவில்லை. தரை ரேடாரும் அங்கே இல்லை. கே.எல்.எம். விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் திரும்பி நின்றது. பான் ஆம் விமானமோ அதே ஓடுபாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. எல்லாரும் நம்பியிருந்தது வானொலிப் பேச்சை மட்டுமே.

கே.எல்.எம். விமானத்திற்குப் பறந்த பின் எந்த வழியில் போக வேண்டும் என்ற குறிப்பு கிடைத்தது. அது வழி பற்றிய அனுமதி; புறப்படுவதற்கான அனுமதி அன்று. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் 'நாங்கள் இப்போது புறப்பாட்டில் இருக்கிறோம்' என்பது போல ஒரு தொடரைச் சேர்த்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர்கள் நிலை. புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்ன பதில்: "ஓகே." ஒரு சிறு இடைவெளி. பிறகு, "புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்."

அந்த இடைவெளியில்தான் விதி புகுந்தது. அதே நொடியில் பான் ஆம் விமானியும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பேசினார். இரண்டு குரல்களும் மோதியதால் கே.எல்.எம். விமானி அறையில் கேட்டது ஒரு கிறீச்சொலி. தெளிவாகக் காதில் விழுந்தது அந்த 'ஓகே' மட்டுமே.

கே.எல்.எம். விமானப் பொறியாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார். சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரும் மாண்டனர். பான் ஆம் விமானத்தில் 335 பேர் மாண்டனர். 61 பேர் உயிர் பிழைத்தனர். மொத்தம் 583 உயிர்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை நிகழ்ந்ததில்லை.

ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பனிமூட்டம் ஒரு காரணம். நெரிசல் ஒரு காரணம். புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கியது பெரிய காரணம். ஆனால் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய கடைசிக் கணத்தில், 'நில்' என்று விழ வேண்டிய காதில் 'ஓகே' என்று விழுந்தது. கோபுரத்தில் இருந்தவர் 'கேட்டுக்கொண்டேன்' என்ற பொருளில் சொன்னது, விமானிகளுக்கு வேறு பொருள் தர இடம் கொடுத்தது.

நான்கு கேள்வி, நான்கு பதில்

அந்த விபத்திலிருந்து உலகம் பாடம் கற்றது. 'டேக் ஆஃப்', அதாவது 'புறப்பாடு' என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. மற்ற நேரத்தில் வேறு சொல். முக்கியமான கட்டளைக்கு வெறும் 'ஓகே' பதிலாகாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இளையவருக்குச் சந்தேகம் வந்தால் மூத்தவரிடம் துணிந்து சொல்லவும், மூத்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் பயிற்சி கொடுக்கப்பட்டது.

விமானிகளின் வானொலி மொழியைப் பாருங்கள். 'ரோஜர்' என்றால் 'கேட்டுக்கொண்டேன்', அவ்வளவுதான். 'வில்கோ' என்றால் 'புரிந்தது, அப்படியே செய்கிறேன்'. 'அஃபர்ம்' என்றால் 'ஆம்'. 'நெகட்டிவ்' என்றால் 'இல்லை'. மற்றவர்கள் ஓர் 'ஓகே'யில் போட்டுக் குழப்புவதை அவர்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தமிழிலும் அந்தப் பிரிவு அழகாக இருக்கிறது. கேட்டேன். புரிந்தது. சம்மதம். செய்கிறேன். நான்கும் வேறு வேறு. கேட்டவருக்கெல்லாம் புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. புரிந்தவருக்கெல்லாம் சம்மதம் என்பதில்லை. சம்மதித்தவரெல்லாம் செய்துவிடுவார் என்பதுமில்லை!

இது விமானிகளுக்கு மட்டும் உரிய பாடமா? மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ வேகமாக விளக்குகிறார்: இந்த மருந்து சாப்பாட்டுக்கு முன், அந்த மருந்து சாப்பாட்டுக்குப் பின், இது இரண்டு வேளை, அது இரவில் மட்டும். "ஓகே பாட்டி?" என்று கேட்கிறார். பாட்டி மரியாதையோடு, "ஓகே டாக்டர்" என்கிறார். டாக்டர் கேட்டது 'புரிந்ததா?' பாட்டி சொன்னது 'நீங்கள் சொன்னதைக் கேட்டேன், ஐயா'. பெரிய படிப்பு படித்தவரிடம் 'புரியவில்லை' என்று சொல்லக் கூச்சம். வீட்டுக்கு வந்த பிறகுதான், எந்த மாத்திரை எப்போது என்று தெரியாமல் பாட்டி விழிப்பார்.

இதற்கு மருத்துவ உலகில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'புரிந்ததா?' என்று கேட்பதை விட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடப்போறீங்க, சொல்லுங்க பாட்டி" என்று கேட்பது. நோயாளி தம் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானி திருப்பிச் சொல்வது போலவே. டாக்டர் கேட்கா விட்டாலும் கூடப் போகும் மகளோ பேரனோ கேட்கலாம். ஒரு நிமிட வேலை.

கடனுக்குப் பிணை நிற்கும் விஷயமும் இதே போலத்தான். "சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து மாமா, கட்ட வேண்டியதெல்லாம் நான் கட்டிடுவேன்" என்கிறார் உறவுக்காரர். முகத்தை முறிக்க மனமில்லாமல் மாமா, "ஓகே" என்கிறார். அவர் மனத்தில் இருப்பது 'உறவு கெடக் கூடாது'. தாளில் இருப்பதோ 'இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்'. மாமா எந்த நினைப்பில் 'ஓகே' சொன்னார் என்று வங்கி பார்ப்பதில்லை. தாளில் இருப்பதையே பார்க்கிறது. கைத்தொலைபேசியில் நீளமான நிபந்தனைகளைப் படிக்காமல் கீழே ஓட்டிச் சென்று 'ஓகே' பொத்தானை அழுத்துகிறோமே, அதுவும் இந்த வகைதான்.

'ஓகே' கெட்ட சொல் அன்று. பேச்சுக்கு எண்ணெய் போடும் நல்ல சொல். தே தாரிக்குக்கும் மாலைச் சந்திப்புக்கும் அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உடல்நலம், பணம், பத்திரம், பயணம், பிள்ளைகளின் பாதுகாப்பு என்று வரும்போது, ஒரு நொடி நிறுத்தி, நான்கில் எதைச் சொல்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டேனா? புரிந்ததா? சம்மதமா? செய்வேனா? எதிரில் இருப்பவர் 'ஓகே' என்றாலும் அதே கேள்விதான்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி "ஓகே அண்ணே" என்றால், "என்ன செய்யப்போறே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பது அவனைச் சோதிப்பதாகாது; அவன் விரலைக் காப்பாற்றுவதாகும். அம்மாவிடம் "ஓகே மா" என்று சொல்லிவிட்டு ஓடும் பிள்ளையை நிறுத்தி, "எத்தனை மணிக்கு?" என்று கேட்பதும் தொல்லையாகாது.

போஸ்டனில் இரண்டு எழுத்துப் பிழையில் 'எல்லாம் சரி' என்று பிறந்த சொல் இது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு சொன்னால், அந்தச் சொல்லுக்கும் நல்லது, சொல்கிறவருக்கும் நல்லது.